பிரேக் மாஸ்டரின் கால்

என் வீட்டுக்காரரை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும்தான் சொல்வதில்லை, ஆனால் என் காரணம் வேறு. ஊருக்கு அவர் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். எங்கள் ஸ்கூல் கார் தெரு முனையில் திரும்புவதற்கு முன்னாலேயே "பிரேக், பிரேக்" என்று அவர் குரல் திரும்பிவிடும். கார் அதற்குப் பின்னால் சாவகாசமாக வரும். வாசலில் வைத்த வாளியையும் ஸ்டூலையும் உள்ளே எடுத்துக்கொள்ளக் கடைக்காரர்களுக்கு அது நல்ல வசதி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஆலயத்தில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, மூடிய கண். பாட்டில் சமாதானம் என்ற சொல் வந்துவிட்டால் போதும், குரல் அப்படியே வெண்ணெயாக உருகும். சபைக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம், இவ்வளவு சாதுவான மனிதர் எப்படிக் கிடைத்தார் என்று ஆசையாகக் கேட்பார்கள். திங்கட்கிழமை காலையில் வந்து பாருங்கள் என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாயில் வந்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். அவருக்கு அதற்குத் தேவையும் இல்லை, நல்ல வார்த்தைகளை வைத்தே ஆளை அழவைத்துவிடுவார். ஸ்டியரிங்கை ஏன் இப்படிக் கட்டிப்பிடிக்கிறீர்கள், தொலைந்துபோய்க் கிடைத்த பிள்ளையா என்பார். கண்ணாடி எதற்கு வைத்திருக்கிறது, தலை வாரவா என்பார். அந்தக் கம்பம் உங்கள் தாத்தா காலத்திலிருந்து அங்கேயே நிற்கிறது, அது ஒதுங்கி வழிவிடும் என்று காத்திருக்காதீர்கள் என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வாங்கிக்கொள்கிறவர்களுக்கு வராது.

வாங்கிக்கொண்டவர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்கூலின் ஆபீஸ். சுவரில் சாலைக் குறிகளின் பெரிய படம், அதன் கீழே ஒரு மேசை, டெலிபோன், நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலிக்கு என் மகள் 'அழுகை நாற்காலி' என்று பெயர் வைத்திருந்தாள். அதில் உட்கார்ந்து அழாத ஆளே கிடையாது. கல்லூரி மாணவி அழுதிருக்கிறாள், மீசை வைத்த ஒப்பந்தக்காரர் அழுதிருக்கிறார். தினம் ஊரார் பல்லைப் பிடுங்கி அவர்களை அழவைக்கிற பல் டாக்டரம்மாகூட அங்கேதான் மூக்கைச் சிந்தினார். நான் தண்ணீர் கொடுப்பேன், கைக்குட்டை கொடுப்பேன், அவர் மனசு தங்கம் என்று ஒரு பொய்யும் சொல்லி அனுப்பிவைப்பேன். தங்கம்தான், ஆனால் உலையில் கிடக்கிற தங்கம். கிட்டே போனால் சுடும்.

அவர் கணக்கில் கோபம் பாவத்தில் சேராது, பாடத்திட்டத்தில் சேரும். திட்டு வாங்காமல் வண்டி கற்றுக்கொண்டவர் உலகத்தில் உண்டா என்பார். தினமும் படுக்கப்போகும் முன் ஜெபத்தில், குடி இல்லை, புகை இல்லை, சீட்டு இல்லை, பொய் இல்லை என்று ஒவ்வொரு விரலாக மடக்கி ஆண்டவருக்கு நன்றி சொல்லுவார். பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கும் நான், ஆண்டவரே, இவர் ஒரு விரலை மடக்காமல் விட்டுவிட்டார், நீர் கவனித்தீரா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.

இப்படியே காலம் ஓடியிருக்கும், எங்கள் மகள் நர்ஸ் படிப்பை முடிக்காமல் இருந்திருந்தால்.

அவளுக்கு வெளியூரில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. பிரசவமான பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. நிலையத்தின் சின்ன வேனை அவளே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், லைசென்ஸ் இல்லாமல் வேலையில் சேர முடியாது. பிரேக் மாஸ்டர் பெண்ணுக்கு லைசென்ஸா பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னோம். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உற்சாகமாக அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். போன சிறிது நேரத்தில் மகள் மட்டும் நடந்து வந்தாள்.

நடந்தது இதுதான். கடைத்தெருவைத் தாண்டி ஒரு ரவுண்டானா இருக்கிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்டி வந்து சேருகிற, எமகாதக இடம். அதன் நடுவில் கார் நின்றுவிட்டது. சுற்றி ஹாரன். இவர் தாம் தூம் என்று குதித்து, கடைசியில், "உனக்கெல்லாம் எதுக்கு வண்டி? உன்னை நம்பி ஒரு உயிரை எவன் ஒப்படைப்பான்?" என்று கேட்டிருக்கிறார். நர்ஸ் வேலைக்குப் போகப்போகிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், எச்சரிக்கை விளக்கைப் போட்டாள், கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கதவைத் திறந்தாள், இறங்கினாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இவர் இடித்துக்கொண்டு இந்த சீட்டிலிருந்து அந்த சீட்டுக்குத் தாண்டி, கியர் கம்பி தொடையில் குத்தி, ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் என்னிடம், "இறங்கும்போது எல்லாம் கரெக்டாத்தான் பண்ணினா" என்றார். அப்போதும் மார்க் போடுகிற புத்தி போகவில்லை.

அன்றிலிருந்து மகள் அவரிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. சாப்பாடு ஆச்சா என்றால் ஆச்சு, கிளம்பிட்டியா என்றால் கிளம்பிட்டேன். வாசலில் வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினாள். அதுதான் அவரைக் கொன்றது. அதைவிடப் பெரிய அடி அடுத்த வாரம் விழுந்தது. அவள் அடுத்த தெருவில் இருக்கிற இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மானம் கப்பலேறிவிட்டது. அந்த ஸ்கூல் கார் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். இவர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று மகள் கியர் மாற்றுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டாள் என்று முணுமுணுப்பார். கண் கலங்கியிருக்கும். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வரும், பாவமாகவும் இருக்கும். வேலையில் சேர்ந்துவிட்டால் அவள் அந்த ஊரிலேயே தங்கிவிடுவாள். அதற்குள் ஒரு தடவையாவது அவள் தன் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுவாளா என்பதுதான் அவருடைய ஒரே ஏக்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் மனிதர் மடக்காத விரலைப் பார்த்தார். முழங்கால் போட்டு, எனக்குக் கோபம் இருக்கிறது ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

ஒப்புக்கொண்டதும் ஒழிந்துவிடுகிற சாமானா அது? என்னென்னவோ செய்து பார்த்தார். பத்து வரை எண்ணினார், ஐந்து வருவதற்குள் கார் நடைபாதையில் ஏறிவிட்டது. வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டார், மிட்டாயோடு சேர்த்துத் திட்டினார், புரியவில்லை என்று மாணவர்கள் இரண்டாம் தடவை கேட்டார்கள். கோபப்படுவதற்குத் தாமதிக்கச் சொல்லும் வசனத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினார். அதைப் படித்துக்கொண்டே ஓட்டிய ஒரு மாணவர் தபால் பெட்டியில் மோதப் பார்த்தார். உபவாசம் இருந்தார். பசியில் கோபம் இரட்டிப்பானதுதான் மிச்சம். அந்த வாரம் முழுவதும் அழுகை நாற்காலி காலியாகவே இல்லை.

இதற்கு நடுவில் காரை சர்வீஸுக்கு விட்டார். எங்கள் காரில் இரண்டு பிரேக் உண்டு, ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, கற்றுக்கொடுக்கிறவர் காலடியில் ஒன்று. மெக்கானிக் இரண்டு பெடலையும் காட்டினார். மாணவர் பக்கத்து ரப்பர் வாங்கின அன்று இருந்த மாதிரி புதுசாக, வரி கலையாமல் இருந்தது. இவர் பக்கத்து ரப்பர் தேய்ந்து, கிழிந்து, உள்ளே இரும்பு பளபளத்தது. மெக்கானிக் சிரித்துவிட்டு, "மாஸ்டர், உங்ககிட்ட படிக்கிறவங்க யாராவது பிரேக் போட்டிருக்காங்களா?" என்று கேட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் ஒரு நகைச்சுவையாகச் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சோதனை சில சமயம் அங்கி போட்டுக்கொண்டும் வரும். எங்கள் சபைக்கு அப்போதுதான் ஓர் இளம் போதகர் மாற்றலாகி வந்திருந்தார். நல்ல மனிதர், நல்ல பிரசங்கி. அவர் ஒரு நாள் எங்கள் ஆபீசில் வந்து நின்று, மாஸ்டரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள் என்றார். யார் அந்த எல்லோரும் என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போதகரைத் திட்ட முடியுமா? என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ பின்சீட்டில் உட்கார், நான் வாயைத் திறந்தால் கிள்ளு என்று கெஞ்சினார். இத்தனை வருஷ இல்லற வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வேலை அது.

போதகருக்கு ஒரு பழக்கம். யாரிடம் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். என்னிடம் பேச வேண்டுமானால் முழுசாகப் பின்னால் திரும்புவார். முக்கியமான விஷயம் வந்தால், பிரசங்க மேடையில் செய்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்குவார். கார் அதுபாட்டுக்குப் போகும். என் வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பின்னாலிருந்து பார்த்தால் காது சிவக்கிறது தெரியும். கிள்ளுவேன். கிள்ளிக் கிள்ளி அவர் தோள்பட்டை பழுத்துவிட்டது.

அன்று கடைத்தெருவில் போதகர் சபை ஆள் ஒருவரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் இரண்டு கையாலும் வாழ்த்தினார். முன்னால் ஒரு சைக்கிள்காரர். என் வீட்டுக்காரர் பிரேக்கில் ஏறி நின்றார். கார் குலுங்கி நின்றது. நான் கிள்ள வேண்டியதுதான், ஆனால் என் கை முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பாஸ்டர், நீங்க பரலோகத்துக்கு வழி காட்டறவர்னு எனக்குத் தெரியும். அதுக்காக இன்னிக்கே கூட்டிட்டுப் போகணுமா?"

அது தொடக்கம்தான். அடைத்து வைத்திருந்த அத்தனையும் கொட்டியது. தலை எதற்கு இருக்கிறது, கை எதற்கு இருக்கிறது, ஸ்டியரிங் பிடிக்கவா ஆசீர்வாதம் பண்ணவா. போதகர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு அவரும் வெடித்தார்.

"முதல்ல உங்க காலை எடுங்க மாஸ்டர். நான் பிரேக் போடப் போகும்போதெல்லாம் எனக்கு முன்னாடி நீங்க போட்டுடறீங்க. நான் எப்போதான் கத்துக்கறது?"

குரல் கடைத்தெரு முழுவதும் கேட்டது. சைக்கிள்காரர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். காரை ஒரு மரத்தடியில் ஓரம் கட்டினோம். போதகர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். போன வாரம்தானே பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன் என்று முனகினார். நல்லாத்தான் பண்ணினீர்கள் என்று இவர் சமாதானம் சொன்னார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பரிசுத்தவான்களும் திரும்பி என்னை முறைத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் போதகர் ஒரு கேள்வி கேட்டார். வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று. இவர் சட்டென்று பதில் சொல்கிற ஆள். அன்று தேய்ந்த பெடலைப் பார்த்துக்கொண்டே, சைக்கிள்காரர் கீழே கிடக்கிற மாதிரி தெரியும் என்றார். எப்போதும் அப்படித்தானாம். எதிரே குழந்தை வந்தால் குழந்தை கிடக்கிற மாதிரி, மாணவர் வளைவில் திருப்பினால் மாணவர் கிடக்கிற மாதிரி. தினம் காலையிலிருந்து சாயங்காலம்வரை இந்த மனிதர் பிணங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு இது தெரியாது.

"அப்போ ரவுண்டானாவுல?" என்று நான் கேட்டேன்.

"லாரி வந்துது. அவ உட்கார்ந்திருந்த பக்கமா."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"அது வாயில வரலையே. இதுதான் வந்துது."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மறுபடி ஒரு கிள்ளு கிள்ளினேன்.

போதகர், படகில் சீடர்கள் செய்ததும் இதுதான் என்றார். புயல் அடிக்கிறது, ஆண்டவர் தூங்குகிறார், இவர்கள் எழுப்புகிற எழுப்பே ஒரு திட்டு. நாங்கள் சாகப்போகிறோம், உமக்கு அக்கறை இல்லையா என்று. கேட்டால் கோபம் மாதிரி இருக்கும், உள்ளே முழுக்கப் பயம். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாக, "அவர் எழுந்து காத்தைத்தானே அதட்டினார் பாஸ்டர். படகு ஓட்டினவங்களை இல்லையே" என்றார். ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்ட கதை. அன்றுதான் அது அவர் காதுக்குள் போனது என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் படகைப் பற்றித்தான். அதட்டியது காற்றை, ஓட்டினவர்களை அல்ல என்று போதகர் சொன்னதும் சபையே உருகிப்போனது. பாடகர் வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அது நான் சொன்னது என்று அர்த்தம். ஒரு பாவம் எழுந்து போன நாற்காலியில் இன்னொன்று வந்து உட்கார்வதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனிமேல் கோபத்தைச் சொல்வதற்குப் பதில் உள்ளே இருக்கிற உண்மையைச் சொல்வது என்று தீர்மானம் பண்ணினார். முதலில் மாட்டியவர் பல் டாக்டரம்மா. வளைவில் அவர் அகலமாகத் திருப்ப, இவர் மிகவும் சாந்தமாக, எனக்குப் பயமாக இருக்கிறது டாக்டர் என்றார். டாக்டரம்மா ஸ்டியரிங்கையே விட்டுவிட்டார். அழுகை நாற்காலியில் வந்து விழுந்தவர், "நான் யார் பல்லையாவது பிடுங்கும்போது எனக்குப் பயமா இருக்குன்னு சொல்வேனா? திட்டச் சொல்லுங்க அவரை, அதுவே தேவலை" என்று என்னிடம் முறையிட்டார். நியாயம்தானே?

அப்புறம்தான் அவருக்கு விளங்கியது, உண்மையைச் சொல்ல வேண்டியதுதான், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் பக்கத்து சீட்டில் இல்லை என்று. கார் வளைவுக்குப் போகும்போதெல்லாம் உதட்டுக்குள்ளேயே, ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான் ஜெபம், அதற்கு வாலும் இல்லை, தலையும் இல்லை. உதடு அசைவதைப் பார்த்த மாணவர்கள் பாட்டு முணுமுணுக்கிறார் என்று நினைத்தார்கள். உடனே தேவதூதராகிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். கம்பத்துக்கும் தாத்தாவுக்கும் சம்பந்தம் இன்னும் விடவில்லை. ஆனால் சொல்லிவிட்டு, மன்னிச்சுக்குங்க என்று சேர்த்துச் சொல்லப் பழகினார். அந்த வார்த்தை அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது, அதோடும் நடந்தார். அழுகை நாற்காலியில் ஆட்கள் சும்மா காற்று வாங்க உட்கார ஆரம்பித்தார்கள்.

மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இவர் தட்டைப் பார்த்தபடியே, "அன்னிக்கு ஒரு லாரி வந்துதும்மா" என்றார். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும்பா. அதைப் பார்த்துத்தான் நான் பிரேக் போட்டேன். கிளட்சை மிதிக்க மறந்துட்டேன், அதான் வண்டி நின்னுபோச்சு."

இவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அவளும் அதே நொடியில் பிரேக் போட்டிருக்கிறாள். இவருடைய கால் ஏற்கெனவே அங்கே இருந்ததால் இவருக்கு அது தெரியவே இல்லை. லாரியையும் பார்த்து, சரியான நேரத்தில் நிறுத்தவும் செய்த பெண்ணைப் பார்த்துத்தான், உன்னை நம்பி ஒரு உயிரை எவன் ஒப்படைப்பான் என்று கேட்டிருக்கிறார். முகம் தொங்கிப்போய்விட்டது. "நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுடு" என்றார். மகள், சாப்பிடுங்கப்பா, ஆறிப்போகுது என்று மட்டும் சொன்னாள். மறுநாள் வழக்கம்போல அடுத்த தெரு ஸ்கூல் காரில்தான் போனாள். இவர் திரைக்குப் பின்னால் நின்று கியர் சத்தம் கேட்டார். கேட்டுவிட்டு, நல்லா ஓட்டறா என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவளைக் கூப்பிடவும் இல்லை, என்னைத் தூது அனுப்பவும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நல்ல மழை. கார்வரை ஓடினோம். இவர் சாவியை எடுத்தார். மகள் கையை நீட்டினாள்.

"குடுங்கப்பா. ரவுண்டானா வழியா போகலாம். அந்த ஸ்கூல் சார் என்னை அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போகமாட்டேங்கறார். எதுக்கெடுத்தாலும் பரவால்லம்மா, பரவால்லம்மாங்கறார். அவருக்கும் பயம்தான்."

இவர் சாவியைக் கொடுத்தார். நான் பின்சீட்டில் என் பழைய உத்தியோகத்தில் உட்கார்ந்தேன், விரலைத் தயாராக வைத்துக்கொண்டு. அவள் சீட்டைச் சரிபண்ணினாள், கண்ணாடியைச் சரிபண்ணினாள், வைப்பரைப் போட்டாள். கடைத்தெரு தாண்டுகிறவரை இவர் காது சிவக்காமல்தான் இருந்தது.

ரவுண்டானா வந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்டி, மழையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. பாதி சுற்றியிருப்போம், கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. அதே இடம் என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் அதே இடம்தான். பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரரின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. வலது கால் தன்னால் பெடலுக்குப் போவதை நான் பார்த்தேன். கிள்ளலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவர் ஒரு காரியம் செய்தார். ஷூவோடு இரண்டு காலையும் மேலே தூக்கி, அந்தச் சின்ன சீட்டில், அந்தப் பெரிய தொந்தியோடு, சீட் பெல்ட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைப் பேன்டின் மடியில் சேறு. இரண்டு கையாலும் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டார், தப்பித்து ஓடிவிடும் என்பது போல.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டே சொன்னார்.

"எனக்கும்தான்பா" என்றாள் மகள்.

பின்னால் நின்றவர் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். காற்றை அதட்டலாம், படகோட்டியைத்தான் அதட்டக்கூடாது என்று இவர் ஒரு புது வியாக்கியானம் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். தலையை மழையில் நீட்டினார். "கொஞ்சம் பொறுங்க சார், என் பொண்ணு ஓட்டறா" என்றார். கெஞ்சலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது பெருமை வந்துவிட்டது. ஹாரன் நின்றது.

அவள் கிளட்சை மிதித்தாள், சாவியைத் திருப்பினாள், கார் நகர்ந்தது. மீதிப் பாதியையும் அழகாகச் சுற்றினாள். வெளியே வருகிற இடத்தில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் பார்க்காமல் குறுக்கே வந்தார். மகள் பிரேக் போட்டாள். அவளேதான் போட்டாள். மெதுவாக, பதற்றமில்லாமல், அந்த ஆளுக்கு நாங்கள் வந்ததே தெரியாத அளவுக்கு. மேலே தூக்கிய காலோடு இவர் முன்னால் சாய்ந்து, பெல்ட் பிடித்து இழுக்க, மறுபடி பின்னால் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு வந்தது. மழை விடவில்லை. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இவர் காரிலேயே இருக்கிறார், சம்மணம் கலையாமல். அன்றைக்கு ரவுண்டானாவில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தவள், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கி, மழையில் காரைச் சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"கால் மரத்துப்போச்சும்மா" என்றார்.

"தெரியும்பா. என்னைப் பிடிச்சுக்குங்க" என்று கையை நீட்டினாள்.